பிரிண்டருக்கு ஐபி முகவரி தானாகக் கிடைக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். பட்டணத்துக் கடைகள், தமிழ்ப்பள்ளி, கோயில் அலுவலகம், தோட்டத்து ஆபீஸ், செம்பனை மில் என்று கணினியும் பிரிண்டரும் பார்க்கப் போவதுதான் என் வேலை. வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "பிரிண்டர் கெட்டுப் போச்சு" என்றே ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பிரிண்டர் நன்றாகவே இருக்கும். அதன் ஐபி முகவரி மாறியிருக்கும், அல்லது முகவரியே கிடைக்காமல் போயிருக்கும். நல்ல பிரிண்டரை மூலையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசு அவர்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்தது. அதனால்தான் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐபி முகவரியை யார் கொடுப்பது? பிரிண்டருக்கு அது எதற்கு?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் ஆபீசுக்குப் போய், "ஐயா, தங்க ஒரு வீடு வேணும்" என்று கேட்பார். ஆபீஸ் கணக்கரான கிராணி புத்தகத்தைப் புரட்டி எந்த லயத்தில் (வரிசை வீடுகளில்) எந்த வீடு காலி என்று பார்ப்பார். "ஆறாவது லயத்தில மூணாம் வீடு இருக்கு, எடுத்துக்கிறியா?" என்பார். வந்தவர் "அதையே கொடுங்கய்யா" என்பார். கிராணி பெயரை எழுதிக்கொண்டு சாவியைக் கொடுப்பார்.

ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் பிரிண்டரின் வீட்டு எண். அது தெரிந்தால்தான் கணினி அச்சை அங்கே அனுப்ப முடியும். உங்கள் ரௌட்டருக்குள் (வைஃபை தரும் பெட்டி) இருக்கும் டிஎச்சிபி என்ற வசதிதான் அந்தக் கிராணி. பிரிண்டரைத் திறந்ததும் அது "எனக்கு முகவரி வேண்டும், யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க் முழுவதும் கூவும். ரௌட்டர் "இந்த எண் காலி" என்று நீட்டும். பிரிண்டர் "அதையே கொடுங்கள்" என்று கேட்கும். ரௌட்டர் "எழுதிக்கொண்டேன்" என்று முடிக்கும். நான்கே பேச்சு. இந்த முறை 1993-இல் வரையறுக்கப்பட்டு 1997-இல் திருத்தப்பட்டது. இன்றைக்கு உங்கள் வீட்டு வைஃபையும் அதே நான்கு பேச்சில்தான் நடக்கிறது. நான்கில் ஒன்று நின்றாலும் பிரிண்டருக்கு வீடு இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண் சொந்த வீடு இல்லை, தவணைக்குக் கொடுத்தது. பல ரௌட்டர்களில் தவணை 24 மணி நேரம். பாதித் தவணை கழிந்ததும் பிரிண்டர் தானாகவே "நீட்டித்துக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். பிரிண்டரை வெள்ளிக்கிழமை மாலை அணைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலை திறந்தால் தவணை முடிந்திருக்கும். பழைய எண்ணே கிடைக்கலாம், வேறு எண்ணும் கிடைக்கலாம். கணினியோ வெள்ளிக்கிழமை எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும்.

பிரிண்டரின் முகவரியை எங்கே பார்ப்பது?

பிரிண்டரிடமே கேளுங்கள். என்ன கோளாறு என்றாலும் நான் முதலில் செய்வது இதுதான்.

சின்னத் திரை உள்ள பிரிண்டர் என்றால் செட்டிங்ஸ் போய், அதில் நெட்வொர்க் அல்லது ரிப்போர்ட் என்ற இடத்தில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிடச் சொல்லலாம். திரை இல்லாத சின்ன பிரிண்டர்களில் ஏதாவது ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் தாள் வரும். எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். கணினியோடு தொடர்பு அறுந்திருந்தாலும் இந்தத் தாள் வரும், ஏனென்றால் பிரிண்டர் தன்னைப் பற்றித் தானே எழுதித் தருகிறது. அது வந்துவிட்டாலே உருளையும் மையும் தாள் இழுக்கும் பகுதியும் வேலை செய்கின்றன என்று ஆகிவிடும்.

தாளில் நிறைய வரி இருக்கும். எல்லாம் வேண்டாம். ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்லும் எண்), கேட்வே (ரௌட்டரின் எண்), முகவரி எப்படிக் கிடைத்தது (டிஎச்சிபியா, கையால் போட்டதா, தானே போட்டுக்கொண்டதா), மேக் முகவரி. இந்த ஐந்தையும் பேனாவால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மேக் முகவரி என்பது பிரிண்டர் பிறக்கும்போதே கம்பெனியில் குத்தி அனுப்பிய அடையாள எண், நம் ஐசி எண் மாதிரி. எழுத்தும் இலக்கமும் கலந்து பன்னிரண்டு இடம், இரண்டிரண்டாகப் பிரித்திருக்கும்.

தாளில் 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரி இருக்கிறது. அது என்ன எண்?

அந்த எண்ணைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் கேட்டது, கிராணி பதிலே சொல்லவில்லை, கேட்டு அலுத்துப் போய்த் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். வீடு கிடைக்காதவர் ஆபீஸ் வாசல் மரத்தடியில் படுத்துக்கொண்ட மாதிரி. 169.254 என்ற தொகுதியை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் கணினி 192.168 தொகுதியில் இருக்கும்போது அந்த எண்ணோடு பேச முடியாது.

ஏன் பதில் வரவில்லை என்று பார்க்கும்போது எளிதிலிருந்து கடினத்துக்குப் போங்கள். கேபிள் பிரிண்டர் என்றால் பின்னால் கேபிள் சொருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி, 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்திச் சொருகுங்கள். கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கேபிள் தானாகவே நழுவும். கூட்டும்போது துடைப்பம் பட்டாலே போதும். விளக்கு எரிந்தும் 169.254 என்றால் அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் சொருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். லேப்டாப்புக்கு நல்ல முகவரி கிடைத்தால் கேபிளும் ரௌட்டரும் சரி, பிரிண்டரின் பக்கம் பாருங்கள். லேப்டாப்புக்கும் 169.254 என்றால் பிரிண்டரை விட்டுவிடுங்கள், கோளாறு கேபிளிலோ ஸ்விட்சிலோ (பல நெட்வொர்க் கேபிளைச் சேர்க்கும் பெட்டி) ரௌட்டரிலோ இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். செய்யாததால் நாள் முழுக்க வீணாகிறது.

எல்லாமே 0.0.0.0 என்று வந்தால்?

இன்னும் முகவரி வாங்கவில்லை என்று அர்த்தம். இப்போதுதான் திறந்தீர்கள் என்றால் இரண்டு நிமிடம் பொறுத்து இன்னொரு தாள் எடுங்கள். அப்போதும் அப்படியே என்றால் கேபிளைப் பாருங்கள், வைஃபை என்றால் இணைப்பே ஏற்படவில்லை. மிகப் பழைய எச்பி பிரிண்டர்களில் 192.0.0.192 என்று வரும். அதற்கும் இதே பொருள்தான்: முகவரி கிடைக்காததால் கம்பெனி வைத்த எண்ணுக்குப் போய்விட்டது.

அண்ணே, ஒவ்வொரு தடவை மழை பெய்து கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆகிவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அதிகம் நடப்பது இதுதான். மதியத்துக்கு மேல் வானம் கறுக்கும், நான்கு மணிக்கு இடி இறங்கும், கரண்ட் ஒரு நொடி போய் வரும். அந்த ஒரு நொடியில் இரண்டு காரியம் நடக்கிறது.

முதலாவது, யார் முதலில் எழுந்திருப்பது என்ற பிரச்சினை. கரண்ட் வந்ததும் பிரிண்டரும் ரௌட்டரும் ஒரே நேரத்தில் எழும். சின்ன பிரிண்டர் சீக்கிரம் எழுந்து முகவரி கேட்க ஆரம்பித்துவிடும். ரௌட்டர் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆபீஸ் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே போய்த் தட்டினால் யார் பதில் சொல்வது? பிரிண்டர் தட்டிப் பார்த்துவிட்டு 169.254-க்குப் போய்விடும். சில மாடல்கள் அப்புறமும் விட்டுவிட்டுக் கேட்டுத் தானாகச் சரியாகிவிடும். சில பழைய மாடல்கள் அணைத்துத் திறக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, கிராணியின் புத்தகம் அழிந்துபோவது. பல வீட்டு ரௌட்டர்கள் யாருக்கு எந்த எண் என்ற பட்டியலை மின்சாரம் உள்ளவரை மட்டும் நினைவில் வைத்திருக்கும். கரண்ட் போனால் பட்டியல் காலி. எழுந்ததும் முதலில் வந்து கேட்பவருக்கு முதல் எண் என்று புதிதாகக் கொடுக்கத் தொடங்கும். நேற்று பிரிண்டரிடம் இருந்த எண் இன்றைக்கு ஒரு ஆசிரியரின் கைப்பேசியிடம் இருக்கும்.

ஒரு தமிழ்ப்பள்ளியில் நடந்தது. மறுநாள் காலை சோதனை, மாலை நான்கரைக்கு அழைப்பு. "தம்பி, கேள்வித்தாள் ஒண்ணும் வர மாட்டேங்குது, மூணு தடவை கணினியை அடைச்சித் திறந்துட்டேன்" என்றார் அலுவலக டீச்சர். குரலிலேயே பதற்றம். போனபோது வாசலில் மழைத்தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டரின் நெற்றியில் யாரோ முன்பு ஒட்டிய வெள்ளைத் துண்டுக் காகிதம், அதில் 192.168.0.102 என்று நீல மையில் எழுதியிருந்தது. நெட்வொர்க் தாளை எடுத்தேன். சூட்டோடு வெளியே வந்த தாளில் 192.168.0.105. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் டீச்சருக்கே புரிந்துவிட்டது. கணினியில் எண்ணை மாற்றினோம், வரிசையில் காத்துக்கிடந்த கேள்வித்தாள் எல்லாம் கடகடவென்று வந்து விழுந்தது. அத்தோடு விட்டிருந்தால் அடுத்த இடிக்கு மறுபடியும் இதே கதைதான். அதனால் ரௌட்டரிலும் எண்ணை ஒதுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். ஒதுக்குவது எப்படி என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

உடனடி வைத்தியம் வேண்டுமென்றால்: பிரிண்டரை அணையுங்கள். ரௌட்டர் விளக்குகள் வழக்கமான நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். அப்புறம் ஸ்விட்ச் இருந்தால் அதைத் திறந்து, கடைசியாகப் பிரிண்டரைத் திறங்கள். முடிந்தால் ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் அந்த யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

பிரிண்டரிலேயே ஒரு எண்ணைத் தட்டி நிரந்தரமாக்கிவிட்டால் போதாதா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள். என் கருத்து, அது கடைசி வழியாக இருக்க வேண்டும். காரணம் சொல்கிறேன். நீங்கள் பிரிண்டரில் 192.168.0.102 என்று கையால் போட்டது ரௌட்டருக்குத் தெரியாது. அது தன் புத்தகத்தைப் பார்த்து '102 காலி' என்று இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பம். பிறகு பிரிண்டர் சில நேரம் அச்சடிக்கும், சில நேரம் அடிக்காது. காலையில் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு நிற்கும். இந்த மாதிரி வந்து வந்து போகும் கோளாறுதான் மனிதரை அதிகம் வாட்டும்.

சந்தேகம் இருந்தால் பிரிண்டரை முழுக்க அணைத்துவிட்டு, கணினியிலிருந்து அந்த எண்ணுக்குப் 'பிங்' (ping) செய்து, அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பாருங்கள். பிரிண்டர் அணைந்திருக்கும்போதும் பதில் வந்தால் அந்த எண்ணில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

நல்ல வழி ரௌட்டரிடமே சொல்லி வைப்பது: 'இந்த மேக் முகவரி வந்து கேட்டால் எப்போதும் இந்த எண்ணையே கொடு.' கிராணியின் புத்தகத்தில் மூன்றாம் வீட்டுக்கு நேராக ஒருவர் பெயரை அழியாத மையில் எழுதுவது போல. பிரிண்டர் வழக்கம்போல டிஎச்சிபியிலேயே இருக்கட்டும், அதில் ஒன்றையும் மாற்ற வேண்டாம்.

கணினியில் உலாவியைத் திறந்து, தாளில் கேட்வே என்று இருக்கும் எண்ணைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். ரௌட்டரின் அடியில் ஒட்டிய காகிதத்தில் நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே லேன் அல்லது டிஎச்சிபி என்ற பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ 'ஸ்டாடிக் டிஎச்சிபி' என்றோ இருப்பதைத் தேடுங்கள். தாளில் வட்டம் போட்ட மேக் முகவரியை அங்கே இட்டு, வேண்டிய எண்ணைக் கொடுத்துச் சேமியுங்கள். பிரிண்டரை அணைத்துத் திறந்து இன்னொரு தாள் எடுத்து, நீங்கள் கொடுத்த எண் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். கேபிளும் வைஃபையும் உள்ள பிரிண்டருக்கு இரண்டு மேக் முகவரி. பல மாடல்களில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, கடைசியில் ஓர் இடம் மட்டும் மாறும். வைஃபையில் ஓடும் பிரிண்டருக்குக் கேபிள் மேக்கைப் பதிந்து வைத்தால் ஒதுக்கீடு இருந்தும் பயன் இல்லை.

ரௌட்டரில் ஒதுக்கும் வசதி இல்லாவிட்டால்தான் கையால் போடுவது. அப்போதும் ரௌட்டர் வழங்கும் எல்லையைப் பாருங்கள். அது கடைசி எண்ணை 100 முதல் 199 வரை வழங்குகிறது என்றால் பிரிண்டருக்குக் கடைசி எண்ணை 50 என்று போடுங்கள், எல்லைக்கு வெளியே. மாஸ்க்கும் கேட்வேயும் கணினியில் இருப்பதையே அப்படியே போட வேண்டும்.

தாளில் முகவரி சரியாக இருக்கிறது, ஒதுக்கியும் விட்டேன். ஆனாலும் கணினி 'ஆஃப்லைன்' என்கிறது.

இப்போது கணினியின் பக்கம் வாருங்கள். விண்டோஸில் பிரிண்டரின் 'பிரிண்டர் ப்ராப்பர்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' என்ற தாவலைப் பாருங்கள். குறியிட்டிருக்கும் வரியில் பழைய எண் இருக்கிறதா? இருந்தால் புதிய 'ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்' ஒன்றைச் சேர்த்து, பிரிண்டரின் இப்போதைய எண்ணைக் கொடுங்கள். அந்த வரி டபிள்யூஎஸ்டி என்று ஆரம்பித்தாலும் மாற்றிவிடுங்கள். அது பிரிண்டரைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் வகை, பல நேரம் தேடித் தோற்றுப் போவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணை ஒதுக்கி வைத்த பிறகு தேட வைப்பதில் அர்த்தம் இல்லை.

பிங் செய்தால் பதில் வருகிறது, அச்சுதான் வரவில்லை என்றால் அதே போர்ட்டைத் திறந்து 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்ற குறியை எடுத்துப் பாருங்கள். பிரிண்டர் அந்த விசாரிப்புக்குப் பதில் சொல்லாவிட்டால், நல்லபடி இருக்கும்போதே விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும்.

ஒரு கணினியிலிருந்து அச்சு வருகிறது, இன்னொன்றிலிருந்து வரவில்லை. பிரிண்டர் ஆள் பார்த்து வேலை செய்கிறதா?

பெரும்பாலும் இரண்டு கணினியும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கும். இரண்டிலும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைத் தட்டுங்கள். கேட்வே வரியை ஒப்பிடுங்கள். ஒன்றில் 192.168.0.1, இன்னொன்றில் 192.168.1.1 என்றால் ஊரில் இரண்டு கிராணி இருக்கிறார்கள்.

ஒரு கோயில் அலுவலகத்தில் ரசீது பிரிண்டர் வாரம் முழுக்க இப்படித் தொல்லை கொடுத்தது. அர்ச்சனைச் சீட்டு எழுதும் அக்கா கையாலேயே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார், வரிசை மண்டபம் தாண்டி நின்றது. தேடிப் பார்த்ததில் பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று ஒரு நல்ல மனிதர் தன் வீட்டுப் பழைய ரௌட்டரைக் கொண்டுவந்து சொருகியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ரௌட்டரும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. கேட்பவருக்கு எந்தக் கிராணி முதலில் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்த வீடு. பிரிண்டர் ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம்.

அந்தப் பழைய ரௌட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதற்குள் போய் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த முகவரியைப் பெரிய ரௌட்டரோடு மோதாத, வழங்கும் எல்லைக்கு வெளியே உள்ள ஒரு எண்ணாக மாற்றி, கேபிளை லேன் என்று எழுதிய துளையில் சொருகினால் அது வெறும் வைஃபை நீட்டிப்பாக வேலை செய்யும். அப்படித்தான் செய்தோம், பின்னறையிலும் வைஃபை கிடைக்கிறது.

இரண்டு ரௌட்டர் இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்றால் அந்தக் கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினருக்கான வைஃபை உள்ளே இருக்கும் பிரிண்டரைப் பார்க்க விடாது. அது பாதுகாப்புக்காகவே அப்படி.

திருவிழா நாளில் மட்டும் பிரிண்டருக்கு முகவரி கிடைக்கவில்லை. மற்ற நாளில் சரி.

வீடு எல்லாம் நிறைந்துவிட்டது. ரௌட்டர் 100 முதல் 149 வரை வழங்குகிறது என்றால் 50 எண். தொண்டர்கள், உறவுக்காரர்கள், பந்தல் போட வந்தவர்கள் என்று வைஃபை கடவுச்சொல் எல்லார் கையிலும் போய்விடும். தவணை 24 மணி நேரம் என்றால் காலையில் வந்து பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனவரின் கைப்பேசிக்கும் நாளை காலைவரை ஒரு எண் ஒதுங்கிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துப் பிரிண்டரை அணைத்துத் திறந்தால் அதற்கு இடம் இல்லை.

வழங்கும் எல்லையைப் பெரிதாக்குங்கள். சாதாரண வீட்டு நெட்வொர்க்கில் 254 எண் வரை பயன்படுத்தலாம். தவணையை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள். பிரிண்டருக்கு எண்ணை முன்பே ஒதுக்கியிருந்தால் எத்தனை பேர் வந்தாலும் அதன் இடம் அதற்கே.

புதிய ரௌட்டர் மாற்றியதிலிருந்து வைஃபை பிரிண்டர் இணைய மாட்டேன் என்கிறது.

பிரிண்டர் இன்னும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் தேடிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரில் புதிதாக இணைக்க வேண்டும். பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. பழைய பிரிண்டர் டபிள்யூபிஏ3 பாதுகாப்பையும் புரிந்துகொள்ளாது, ரௌட்டரில் டபிள்யூபிஏ2 வையுங்கள். பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே புதிய ரௌட்டருக்கும் வைத்துவிட்டால் இந்த வேலையே பெரும்பாலும் மிச்சம்.

மில்லில் எடைமேடைப் பிரிண்டருக்கு மட்டும் முகவரி வந்து வந்து போகிறது.

லாரி செம்பனைக் குலையோடு எடைமேடையில் ஏறி நிற்கும், சீட்டு வந்தால்தான் நகரும். பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். ஆகவே இங்கே அவசரம் அதிகம்.

முதலில் கேபிளின் நீளத்தை அளந்து பாருங்கள். செம்புக் கம்பி நெட்வொர்க் கேபிள் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆபீசிலிருந்து எடைமேடைக்கு வளைந்து வளைந்து இழுத்தால் சுலபமாக 100-ஐத் தாண்டிவிடும். அப்போது விளக்கு எரியும், ஆனால் பேச்சு பாதியில் அறுந்து போகும், முகவரி வாங்கும் நான்கு பேச்சும் முழுதாக முடியாது. நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்கலாம். திறந்த வெளியில் போகும் கேபிள் என்றால் கண்ணாடி இழைக் கேபிளே நல்லது, அது மின்னலையும் கடத்தாது.

பெரிய ஸ்விட்ச் உள்ள இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. கேபிள்கள் சுற்றி வந்து வளையமாகிவிடவில்லை என்று உறுதி செய்ய ஸ்விட்ச் ஒவ்வொரு துளையையும் சுமார் 30 விநாடி நிறுத்தி வைக்கும். அதற்குள் பிரிண்டர் கேட்டு ஓய்ந்துவிடும். பிரிண்டர் சொருகிய துளைக்கு மட்டும் 'போர்ட்ஃபாஸ்ட்' போடச் சொல்லி நெட்வொர்க் பார்ப்பவரிடம் கேளுங்கள். எடைமேடை தனி விலேனில் (ஒரே ஸ்விட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருந்தால் 'டிஎச்சிபி ரிலே' இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிரிண்டரின் கூவல் ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி அடுத்ததற்குக் கேட்காது, யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இடி விழுந்ததிலிருந்து கேபிள் விளக்கே எரியவில்லை. பிரிண்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம், பொறுங்கள். கேபிள் வழியாக வந்த மின்னல் அந்த ஒரு துளையை மட்டும் எரித்திருக்கலாம். முதலில் ரௌட்டரில் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் எரியவில்லை, வேறு கேபிள் போட்டும் எரியவில்லை என்றால் பிரிண்டரின் துளை போயிருக்கும். பிரிண்டரில் வைஃபை இருந்தால் அதில் ஓடலாம். யூஎஸ்பி கேபிளால் ஒரு கணினியில் மாட்டி, அங்கிருந்து மற்றவர்களுக்குப் பகிரவும் செய்யலாம். அப்படி ஓடும் பிரிண்டர்கள் எனக்குத் தெரிந்தே பல கடைகளில் இருக்கின்றன.

இண்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட வேண்டுமா?

இதற்குத் தேவையில்லை. பிரிண்டருக்கு முகவரி கொடுப்பது உங்கள் கட்டடத்துக்குள் இருக்கும் ரௌட்டர். வெளியே லைன் அறுந்தாலும் உள்ளே அச்சு வர வேண்டும். ரௌட்டரே எழவில்லை என்றால் மட்டும் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகலாமா?

பிரிண்டரில் நெட்வொர்க் பகுதியை மட்டும் அழிக்கும் வசதி இருக்கும், அதைச் செய்யலாம். முன்பு யாரோ கையால் போட்ட எண் போய் டிஎச்சிபிக்குத் திரும்பும். ரௌட்டரை மட்டும் அழிக்காதீர்கள். ஊசியால் குத்தும் அந்தச் சின்ன ஓட்டையைத் தொட்டால் வைஃபை பெயர், கடவுச்சொல், ஒதுக்கிய எண்கள், சில இடங்களில் இண்டர்நெட் இணைப்பு விவரம் எல்லாம் போய்விடும். ஒரு பிரிண்டருக்காக ஆபீஸ் முழுக்க நின்றுபோகும்.

உங்களைக் கூப்பிடுவதற்கு முன் நான் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

பிரிண்டரின் நெட்வொர்க் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். அச்சு வராத கணினியில் ஐபிகான்ஃபிக் திரையையும் ஒரு படம். ரௌட்டரின் முன்பக்க விளக்குகள் ஒரு படம். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று ஒரு வரி: கரண்ட் போனதா, புது ரௌட்டரா, மேசையை நகர்த்தினீர்களா, யாராவது எதையாவது சொருகினார்களா. இவை கையில் இருந்தால் பாதிக்கு மேல் போனிலேயே சரி செய்துவிடலாம், நான் தோட்டத்து மண் சாலையில் வந்து சேரும்வரை லாரி காத்திருக்க வேண்டாம்.